ஐ-751: இரண்டாண்டு கிரீன் கார்டின் நிபந்தனையை நீக்குவது – தேதிக் கணக்கு, ஆதாரக் கட்டு, இடையில் வரும் சிக்கல்கள்

#1 பொதிகை

இந்தக் கேள்வி வெவ்வேறு இழைகளில் துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் சேருங்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

திருமணவழி கிரீன் கார்டு கிடைத்த நாளில், திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால் அமெரிக்கா தருவது நிபந்தனையோடு கூடிய நிரந்தர வதிவுரிமை. 1986-இல் போலித் திருமணங்களைத் தடுக்க வந்த சட்டத்தின் ஏற்பாடு இது. மும்பை துணைத் தூதரகத்தில் விசா வாங்கி வந்திறங்கியவர் கார்டில் வகை சிஆர்1 என்று இருக்கும். அமெரிக்காவில் இருந்தபடியே ஐ-485 (நிரந்தர வதிவுரிமைக்கு மாறும் விண்ணப்பம்) போட்டு வாங்கியவர் கார்டில் சிஆர்6. இரண்டுமே இரண்டாண்டு கார்டு. முடிவதற்குள் ஐ-751 மனு போட வேண்டும். போடாவிட்டால் காலாவதியாவது கார்டு மட்டுமல்ல, வதிவுரிமையே தானாக முடிந்துவிடும்.

வேலைவழி கிரீன் கார்டில் கணவருக்கோ மனைவிக்கோ துணையாக வாங்கியவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்தாலும் அவர்கள் கையில் பத்தாண்டு கார்டுதான் இருக்கும். நம்மவர்களில் இந்தப் பிரிவினர் அதிகம், அவர்கள் வீணாகக் கவலைப்பட வேண்டாம்.

முதலில் தேதி. முடிவு நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கணக்கு தொடங்குவது திருமண நாளிலிருந்து அல்ல, கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று அச்சாகியிருக்கும் நாளிலிருந்து. அது 2024 செப்டம்பர் 10 என்றால் இரண்டாம் ஆண்டு நிறைவு 2026 செப்டம்பர் 10. அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூன் 10 முதல் அனுப்பலாம்.

#2 நொய்யல்கரை

பொதிகை, கடைசி வரியை மட்டும் திருத்துங்க. சட்டம் சொல்வது 90 நாள், மூன்று மாதம் இல்லை. செப்டம்பர் 10-லிருந்து பின்னோக்கி எண்ணுங்க: செப்டம்பரில் 10, ஆகஸ்டில் 31, ஜூலையில் 31, ஆக 72. மீதி 18 நாளை ஜூனில் கழித்தால் ஜூன் 12. ஜூன் 10-ஆம் தேதி போய்ச் சேர்ந்த கட்டு அப்படியே திரும்பி வரும்.

திரும்பி வந்தால் பரவாயில்லை, மறுபடி அனுப்பலாம் என்று தோன்றும். ஆனால் திரும்பி வர சில வாரம் ஆகிவிடலாம், நிராகரிக்கப்பட்ட கட்டுக்கு முதல் தேதி கணக்கில் வராது. எண்ணப்படுவது அஞ்சலில் போட்ட நாள் இல்லை, யூஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) லாக்பாக்ஸுக்கு, அதாவது மனுக்களைப் பெறும் மையத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள். அதனால் முதல் நாளே வேண்டாம், கடைசி வாரமும் வேண்டாம். சாளரம் திறந்து மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் சேரும்படி அனுப்பினால், ஒருவேளை திரும்பினாலும் இன்னொரு முறைக்கு நேரம் இருக்கும்.

#3 பொதிகை

சரிதான், நன்றி. ஜூன் 12 என்று படிக்கவும். முதல் பதிவைத் திருத்தாமல் விடுகிறேன், இதே தவறு பலரும் செய்வதால்.

#4 தென்றல்

சிஆர்1 விசா அடித்து வந்தது, ஆனால் விமானம் ஏறுவதற்குள் திருமணமாகி இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. இவர்களும் போடணுமா?

#5 நொய்யல்கரை

தேவையில்லை. பார்க்க வேண்டியது விசா அடித்த நாளை அல்ல, அமெரிக்காவுக்குள் நுழைந்த நாளை. அன்றைக்கு இரண்டு ஆண்டு நிறைந்திருந்தால் ஐஆர்1 என்று பதிவு செய்து பத்தாண்டு கார்டு தர வேண்டும். விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி அங்கேயே மாற்றச் சொல்வது நல்லது. அதையும் மீறி சிஆர்1 என்று கார்டு வந்துவிட்டால், அது அலுவலகத் தவறு என்று குறிப்பிட்டு ஐ-90 (கார்டை மாற்றித் தரக் கேட்கும் படிவம்) போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளாதீங்க. இரண்டாண்டு கார்டு முடியப்போகிறது என்று ஐ-90 போட்டுப் பணத்தை விட்டவர்கள் உண்டு. தொலைந்த கார்டுக்கும் அச்சுப் பிழைக்கும்தான் ஐ-90. காலம் முடிவதற்கு ஐ-751 ஒன்றே வழி.

#6 கார்த்திகைப்பூ

கட்டை எப்படி அடுக்குவது என்று சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் கட்டுகளில் பெரும்பாலானவை ஆதாரக் குறைவால் திரும்புவதில்லை, சின்னக் கவனக்குறைவால்தான்.

படிவத்தை யூஎஸ்சிஐஎஸ் தளத்திலிருந்து அனுப்பும் வாரத்தில் புதிதாக இறக்குங்கள். பக்கத்தின் அடியில் பதிப்புத் தேதி இருக்கும், எல்லாப் பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பழைய பதிப்பில் நான்கு பக்கம், புதியதில் ஏழு பக்கம் என்று கலந்தால் போச்சு. கூட்டு மனு என்பதால் கணவன், மனைவி இருவரும் பேனாவால் கையெழுத்திட வேண்டும். இடப்பட்ட கையெழுத்தின் ஸ்கேன் பிரதியை ஏற்கிறார்கள், தட்டச்சு செய்த பெயரை ஏற்பதில்லை. துணைவரின் கையெழுத்து விடுபட்டதற்காகவே திரும்பிய கட்டுகள் ஏராளம்.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டாலர், பயோமெட்ரிக்ஸும் அதற்குள் அடக்கம். முன்பிருந்த 595 கூட்டல் 85 கணக்கைப் பழைய பதிவுகளில் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். 2025 அக்டோபர் இறுதியிலிருந்து காகிதக் காசோலையும் மணியார்டரும் பொதுவாக வாங்குவதில்லை. கிரெடிட் கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650 நிரப்பி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கார்டில் வரம்பு போதுமா என்று பாருங்கள், பணம் மறுக்கப்பட்டால் மனுவே ஏற்கப்படாது.

அடுத்து ஜி-1145. இது ஒரே பக்கம், இலவசம். மனு ஏற்கப்பட்டதும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அதன் கீழே ஐ-751, பிறகு கிரீன் கார்டின் இருபுற நகல், பிறகு ஒரு பக்க முகப்புக் கடிதமும் ஆதாரப் பட்டியலும், பிறகு ஆதாரங்கள். எல்லாம் நகல்தான், அசல் எதையும் அனுப்ப வேண்டாம். அங்கே போனதும் ஸ்கேன் செய்வார்கள், அதனால் சுருள் பைண்டிங், பிளாஸ்டிக் உறை, ஆல்பம் எதுவும் கூடாது. ஒருபக்க அச்சு, சாதாரணக் கிளிப் போதும். அனுப்பும் முன் முழுக்கட்டையும் ஒரு முறை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைத்தால் அதிகாரி கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

முகவரி நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. அரசு அஞ்சலுக்கு ஒரு முகவரி, ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற கூரியருக்கு வேறு முகவரி. மாற்றி எழுதினால் கட்டு அலைந்து திரியும்.

#7 பாலாறு

ஆதாரம் எவ்வளவு வைப்பது? 400 பக்கம் அனுப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், 40 போதும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

#8 நொய்யல்கரை

பக்க எண்ணிக்கையை விடுங்க. அதிகாரி தேடுவது ஒன்றுதான்: இந்த இருவரும் பொய்யில்லாமல் குடும்பம் நடத்தத்தான் கல்யாணம் செய்தார்களா? கல்யாண நாளிலிருந்து மனுப்போடும் நாள் வரை அது இடைவெளி இல்லாமல் தெரிய வேண்டும். கடைசி இரண்டு மாதத்தில் அவசரமாகத் திறந்த கூட்டுக் கணக்கின் 60 பக்க அறிக்கையைவிட, இரண்டு ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை என்று எட்டு அறிக்கை வைப்பது வலுவானது. அந்த அறிக்கையில் இருவர் சம்பளமும் வந்து, வாடகையும் மளிகையும் போவது தெரிந்தால் இன்னும் நல்லது. 25 டாலர் போட்டுச் சும்மா கிடக்கும் கணக்கு எதையும் நிரூபிக்காது.

என் வரிசை இது: ஐஆர்எஸ் (வரித் துறை) தரும் வரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது தாக்கல் விவரச் சுருக்கம், வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது அடமானப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டில் இருவர் பெயர் உள்ள பக்கம், கார் காப்பீடு, ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வுக் கணக்கிலும் வாரிசாகத் துணைவர் பெயர் உள்ள பக்கம். குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்க, அதற்கு இணை வேறில்லை.

வரிப் படிவத்தின் நகலை விட டிரான்ஸ்கிரிப்ட் மேல், ஐஆர்எஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கணவன் மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்திருந்தால் மனு விழுந்துவிடாது, ஆனால் ஏன் என்று ஒரு வரி விளக்கம் வையுங்க. கல்யாணத்துக்குப் பிறகும் 'தனிநபர்' என்று தாக்கல் செய்திருந்தால் அது தவறான தாக்கல். மனுவுக்கு முன்பே 1040-எக்ஸ் (திருத்திய வரிப் படிவம்) போட்டுத் திருத்துங்க. இரண்டு ஆண்டு கல்யாணமானவர் என்று குடியேற்றத் துறையிடமும், ஆகாதவர் என்று வரித் துறையிடமும் ஒரே ஆள் சொல்லியிருந்தால் கேள்வி வராமல் இருக்காது.

#9 கார்த்திகைப்பூ

படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். ஆயிரம் பேர் வந்த மண்டபத்துக் கல்யாண ஆல்பத்தை அப்படியே அனுப்பாதீர்கள். முகூர்த்தப் படம் முதல் கட்டத்திலேயே கோப்பில் போய்விட்டது. இப்போது கேட்பது அதற்குப் பிறகான வாழ்க்கை. பொங்கல், பிறந்தநாள், பயணம், இரு வீட்டுப் பெற்றோர் வந்து தங்கியது என்று வெவ்வேறு மாதங்களில் எடுத்த 15 முதல் 20 படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், படத்தில் இருப்பவர் யார் என்று எழுதுங்கள்.

உறுதிமொழிக் கடிதம் இரண்டு பேரிடமாவது வாங்குங்கள். எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த நாள், பிறந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு, உங்கள் குடும்ப வாழ்வை எப்படி நேரில் அறிந்தார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'நல்ல தம்பதி, நான் அறிவேன்' என்று நான்கு வரி எழுதினால் பயனில்லை. எந்த மாதம் யார் வீட்டில் என்ன விசேஷத்தில் பார்த்தார் என்று எழுதட்டும். ஆவணம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் இது துணை, ஆவணத்துக்கு மாற்று இல்லை.

#10 பாலாறு

மாமனார் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு வாடகை ஒப்பந்தமே இருக்காதே? இன்னொன்று, கணவர் ஆஸ்டினில், மனைவி சியாட்டிலில் வேலை என்றால்?

#11 பொதிகை

முதலாவது: வீட்டு உரிமையாளரான மாமனாரோ மாமியாரோ, இவர்கள் எந்த நாள் முதல் இங்கே குடியிருக்கிறார்கள் என்று கையெழுத்திட்ட கடிதம் தரட்டும். அதோடு வீட்டுவரிச் சீட்டு நகல், அந்த முகவரி உள்ள இருவரின் ஓட்டுநர் உரிமம், அங்கே இருவருக்கும் வந்த வங்கி, காப்பீட்டு, மருத்துவமனைக் கடிதங்கள். கூட்டுக் குடும்பம் என்பது அதிகாரிகளுக்குப் புதிதல்ல, காகிதம் இருந்தால் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவதை மறைக்கவே கூடாது. இரண்டு முகவரியையும் படிவத்தில் எழுதி, வேலை காரணம் என்று ஒரு பக்கத்தில் விளக்கி, பணி நியமனக் கடிதம், மாதாமாதம் போய்வந்த விமானச் சீட்டு, இரண்டு வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயர் என்று வையுங்கள். மறைத்து, ஓட்டுநர் உரிமத்திலிருந்து அவர்களாகக் கண்டுபிடித்தால் உண்மைக் குடும்பமும் சந்தேகக் குடும்பமாகிவிடும்.

#12 தென்றல்

பெயர்ப் பிரச்சினை? நம்மில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான்.

#13 கார்த்திகைப்பூ

தமிழர் கட்டுகளில் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான், தென்றல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி, சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். பிறகு ஓட்டுநர் உரிமத்தில் ஒன்று, வங்கியில் அப்பா பெயர் சேர்த்து ஒன்று, காப்பீட்டில் கணவர் பெயர் சேர்த்து ஒன்று என்று ஒரே ஆளுக்கு நான்கு பெயர் உண்டாகும். ஆதாரத்தைப் புரட்டும் அதிகாரிக்கு இது நான்கு பேராகத் தெரியும்.

படிவத்தில் முதன்மைப் பெயரைக் கிரீன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். 'வேறு பெயர்கள்' பகுதியில் மற்ற எல்லா வடிவத்தையும், இனிஷியலோடு உள்ளதையும் சேர்த்து எழுதுங்கள். ஆதாரப் பட்டியலுக்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: தமிழ் வழக்கில் இனிஷியல் என்பது தந்தை பெயர், எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது என்று. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் திருமணச் சான்றிதழ் நகல் வேண்டும்.

தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவர், தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நோட்டரி தேவையில்லை. தம்பதியில் ஒருவரே மொழிபெயர்ப்பதைத் தவிருங்கள்.

#14 பாலாறு

அனுப்பிய பிறகு என்ன வரும்?

#15 நொய்யல்கரை

முதலில் ஐ-797 ரசீதுக் கடிதம். 2023 ஜனவரி 25 முதல் அது கார்டின் ஆயுளை முடிவுத் தேதியிலிருந்து 48 மாதம் நீட்டிக்கிறது. காலாவதியான கார்டும் இந்தக் கடிதமும் சேர்ந்ததுதான் இனி உங்கள் கிரீன் கார்டு. வேலைக்கும் ஊருக்குப் போய்த் திரும்புவதற்கும் இது செல்லும். கடிதத்தின் அசலை எடுத்துப் போங்க, நகல் போதாது. சென்னையிலோ திருச்சியிலோ கவுன்டரில் நிற்பவர் கார்டின் தேதியை மட்டும் பார்த்து மறுத்தால், பொறுமையாகக் கடிதத்தின் நீட்டிப்பு வரியைக் காட்டி மேற்பார்வையாளரைக் கேளுங்க. வழியில் இறங்கும் நாடு வேறு விஷயம். செல்லுபடியாகும் கிரீன் கார்டு இருந்தால் டிரான்சிட் விசா வேண்டாம் என்னும் சில நாடுகள், காலாவதியான கார்டையும் கடிதத்தையும் சேர்த்து ஏற்கும் என்று நம்பிச் சீட்டு வாங்காதீங்க.

பிறகு பயோமெட்ரிக்ஸ் அழைப்பு, அல்லது பழைய கைரேகையையே பயன்படுத்துகிறோம் என்ற கடிதம். அதன்பின் நீண்ட அமைதி. பலருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும்.

ஆதாரம் போதவில்லை என்றால் ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம் வரும். அதில் உள்ள கடைசி நாளுக்கு நீட்டிப்பு கிடையாது, பதிலையும் ஒரே தவணையில்தான் அனுப்ப வேண்டும். பாதியை இன்று அனுப்பி மீதியை அடுத்த வாரம் அனுப்பினால், முதல் பாதியை வைத்தே முடிவெடுத்துவிடலாம். கேட்ட அசல் கடிதத்தை மேலே வைத்து அனுப்புங்க.

நேர்காணல் எல்லோருக்கும் வராது, கட்டு தெளிவாக இருந்தால் விலக்கிவிடுவார்கள். கூட்டு மனுவுக்கு அழைப்பு வந்தால் இருவரும் போக வேண்டும். போகாமல் இருந்தால் அதுவே நிராகரிப்புக்குக் காரணமாகும்.

#16 மல்லிகைப்பந்தல்

இங்கே எல்லோரும் ஒற்றுமையான தம்பதியை வைத்தே பேசுகிறீர்கள். கணவர் கையெழுத்துப் போட மறுத்தால்? 'நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்' என்று மிரட்டியே பல பெண்களை அடக்கி வைக்கிறார்கள்.

#17 கார்த்திகைப்பூ

மல்லிகைப்பந்தல், இதைக் கேட்டதற்கு நன்றி. அந்த மிரட்டல் பொய். சட்டத்தில் துணைவர் கையெழுத்து இல்லாமலே போட நான்கு வழி உண்டு: துணைவர் இறந்துவிட்டால், நல்லெண்ணத்தோடு செய்த திருமணம் விவாகரத்தில் முடிந்தால், அடி அல்லது கடுங்கொடுமை இருந்தால், நாட்டை விட்டு அனுப்பினால் மிகக் கடும் துன்பம் நேரும் என்றால். இந்த விலக்கு மனுக்களுக்கு 90 நாள் சாளரம் பொருந்தாது. கார்டு கிடைத்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

கொடுமை காரணம் என்றால் விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை, வீட்டை விட்டு வெளியேறியிருக்கவும் வேண்டியதில்லை. கொடுமை என்பது உடல் காயம் மட்டுமல்ல. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, பணம் தராமல் பூட்டி வைப்பது, நாடுகடத்துவேன் என்று மிரட்டுவது எல்லாம் எழுத வேண்டியவை. காவல்துறை அறிக்கை, பாதுகாப்பு ஆணை, மருத்துவர் அல்லது ஆலோசகர் கடிதம், மிரட்டல் செய்திகளின் படம் எது இருந்தாலும் வையுங்கள். காவல்துறைக்குப் போகாதவரும் போடலாம், அவர் கையால் எழுதும் விரிவான வாக்குமூலமே முதுகெலும்பு. இந்தக் காரணத்துக்கு மனுக் கட்டணமும் இல்லை. மனுவின் விவரத்தைக் கொடுமை செய்தவரிடம் அதிகாரிகள் சொல்லக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கடிதங்கள் வருவதற்குப் பாதுகாப்பான வேறு முகவரி கொடுங்கள்.

தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். நியூ ஜெர்சியில் மானவி, நியூயார்க்கில் சகி ஆகிய அமைப்புகள் தெற்காசியப் பெண்களுக்காகவே 1980-களிலிருந்து இயங்குகின்றன. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்பட்டால், தயவுசெய்து இன்றே பேசுங்கள்.

#18 பாலாறு

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. கார்டு முடியப்போகிறது. அப்போது?

#19 நொய்யல்கரை

இடக்கான நிலைமை இது. பிரிந்து வாழ்வதோ வழக்குப் போட்டிருப்பதோ விலக்குக்குப் போதாது, இறுதித் தீர்ப்பு நகல் வேண்டும். துணைவர் மனமுவந்து கையெழுத்திட்டால் கூட்டு மனு போட்டுவிட்டு, தீர்ப்பு வந்ததும் நகலை அனுப்பி விலக்கு மனுவாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பிரிந்திருப்பதை மறைத்து, சேர்ந்து வாழ்வதாக எழுதக் கூடாது. அது பொய் வாக்குமூலம்.

கையெழுத்து கிடைக்காதவர், வழக்கு எண்ணோடு விலக்கு மனு போட்டால் தீர்ப்பு கேட்டு ஆர்எஃப்இ வரும், அதிகபட்சம் 87 நாள். கலிபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனுவை முறைப்படி சேர்ப்பித்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் ஆகாமல் விவாகரத்து முடியாது, அதனால் வழக்கை எப்போது தொடங்குகிறோம் என்பதே முக்கியம். நாள் தவறி மனு நிராகரிக்கப்பட்டாலும் கதை முடிவதில்லை. குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பாணை வரும், தீர்ப்பு கிடைத்ததும் புதிய விலக்கு மனு போடலாம், நீதிபதி ஆதாரங்களைப் புதிதாகவே பார்ப்பார். ஆனால் இந்தக் கட்டத்தில் குடியேற்ற வழக்கறிஞர் இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீங்க.

#20 தென்றல்

ஐ-751 இன்னும் முடியவில்லை, மூன்று ஆண்டு வந்துவிட்டது. என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போடலாமா?

#21 பொதிகை

போடலாம், காத்திருக்க வேண்டாம். துணைவர் மூன்று ஆண்டும் குடிமகனாக இருந்து, மூன்று ஆண்டும் சேர்ந்து வாழ்ந்திருந்தால், வதிவுரிமை தொடங்கி மூன்று ஆண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பே என்-400 அனுப்பலாம். மேலே சொன்ன உதாரணத்துக்கு 2027 ஜூன் 12. இணையவழி 710 டாலர், காகிதம் 760. குடியுரிமை தருவதற்கு முன் ஐ-751-ஐ முடித்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே நேர்காணலில் பார்ப்பது வழக்கம். அழைப்பில் என்-400 மட்டுமே எழுதியிருந்தாலும் துணைவரை அழைத்துப் போங்கள், மனுப்போட்ட நாளுக்குப் பிந்தைய வரி, வங்கி, வாடகை ஆதாரத்தையும் அசல்களையும் கொண்டுபோங்கள். இடையில் விவாகரத்து ஆனால் மூன்றாண்டு விதி போய் ஐந்தாண்டு விதி வந்துவிடும்.

#22 பாலாறு

கடைசியாக ஒன்று. கார்டு முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனுவே போடவில்லை என்றால்?

#23 நொய்யல்கரை

இந்த வாரமே போடணும், வெளிநாட்டுப் பயணம் கூடாது. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் விளக்கி, அதற்கான ஆதாரத்தோடு கூட்டு மனுவை அனுப்புங்க: மருத்துவமனையில் இருந்தது, வீட்டில் சாவு, நோயாளிப் பராமரிப்பு போன்றவை. 'தேதி தெரியாது' என்பது பலவீனமான காரணம். ஆனால் உண்மை அதுதான் என்றால் வேறு காரணம் புனையாதீங்க. ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. வீடு மாறியிருந்தால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 முகவரி மாற்றமும் தனியாகப் போடணும். அஞ்சல் அலுவலகத்தில் மட்டும் மாற்றிவிட்டு இருந்தால், யூஎஸ்சிஐஎஸ் கடிதம் புது வீட்டுக்கு வந்து சேராது.